லா கோமெராவின் மேகக் காட்டில் அரைநாள் நடை

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றான லா கோமெராவில், கரஹோனாய் தேசியப் பூங்காவுக்குள் வழிகாட்டியுடன் செல்லும் அரைநாள் நடையில் சேர்ந்தேன். தாவரங்களின் பழங்கதையில் ஆர்வம் உள்ளவர்கள் யோசிக்காமல் பதிவு செய்யலாம்.

உள்ளே நுழைந்ததும் மழை என்றே நினைத்தேன். மழை இல்லை, மேகம் இலைகளில் மோதி, நீராகத் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. இத்தகைய லாரல் காடுகள் (ஈரத்தில் செழிக்கும் பசுமை மாறா மரக்காடுகள்) ஒரு காலத்தில் தெற்கு ஐரோப்பாவில் பரவியிருந்தன. குளிரும் வறட்சியும் அங்கே அவற்றை அழித்தன. கடல்காற்றின் மிதமான ஈரத்தில் இங்கே பிழைத்தன.

வழிகாட்டிப் பெண் ஒரு கொடியருகே எங்களை நிறுத்தினார். செம்மஞ்சள் நிறத்தில், சிவந்த நரம்போடிய மணி போன்ற பூ: கானரினா. இதன் உறவுச் செடிகள் இருப்பது கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில்! நடுவே சஹாரா. ஆப்பிரிக்கா வறண்டபோது இடையில் இருந்தவை மறைந்து, இரு ஓரங்களில் மட்டும் தங்கின. அந்தப் பிரிவின் தடம் இன்றும் மரபணுக்களில் இருக்கிறது. அந்தப் பூவின் முன் வெகுநேரம் நின்றேன்.

ஒரு குறை: பனியுகக் கதையை விரிவாகச் சொல்லவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று தனித்தனித் தீவுகளாக உள்ள லான்சரோட்டேயும் ஃபுயெர்த்தெவெந்துராவும் (இவையும் கானரித் தீவுகளே) ஒரே நிலமாக இருந்தன. அவற்றுக்கிடையே விதைகள் கடல் தாண்டாமலே பரவிய காலம் அது. இதை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பின்வரிசையில் நின்றவர்களுக்குக் குரலும் எட்டவில்லை. குழுவைச் சிறிதாக்க வேண்டும்.

பூவைப் பார்க்கக் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ செல்லுங்கள். நனையாத மேலங்கி அவசியம்.