புன்னையா, நிலாவா? வீட்டுப்பேரை மகளுக்கு வைத்த கதை

மகளுக்குப் பேர் தேடிய நாலு மாதமும் எங்கள் வீட்டில் இரண்டே கட்சி. ஒன்று நிலா. இன்னொன்று புன்னை, எங்கள் வீட்டுப்பேரான புன்னைவிளையிலிருந்து எடுத்தது. கடைசியில் புன்னை என்றே வைத்தோம். இப்போது அவளுக்கு இரண்டு வயது.

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கொல்லங்கோடு பக்கத்து ஆட்களுக்கு வீட்டுப்பேரை விளக்க வேண்டியதில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பேரில் நாலு பேர் இருந்தால் வீட்டுப்பேர் சொல்லித்தான் ஆளைப் பிரிப்பார்கள். பலதிலும் மரமோ, தோட்டத்தைக் குறிக்கும் விளையோ, குளமோ இருக்கும்.

நிலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சின்னப் பேர், கேட்க இனிமை. மனைவி ஊரான, எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் உள்ள பாறசாலையில் மட்டும் ஒரு சிக்கல்: பாரதப்புழைக்கு நிளா என்றும் பேர் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதைப் பார்த்து மலையாளத்தில் எழுதுகிறவர் ஆற்றின் பேரை எழுதிவிடலாம். அப்புறம், எங்கள் தெருவிலேயே ஏற்கெனவே இரண்டு நிலா.

"நிலான்னு வச்சிட்டு வீட்டுப்பேர இனிஷியலாப் போடலாமே" என்றார் மாமனார். நியாயமான யோசனைதான். ஆனால் இனிஷியல் நிலைக்காது என்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்துவிட்டேன்.

பாட்டாவின் திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் புன்னைவிளை என்று முழுதாக இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் எங்கள் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன அப்பாவின் சான்றிதழில் அது 'பு.' என்று சுருங்கியது. என் சான்றிதழில் அதுவும் இல்லை, அப்பா பேரின் முதலெழுத்து மட்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டி வந்தது. அப்பா பேரை எழுதினேன், அவ்வளவுதான். வீட்டுப்பேர் வேண்டாம் என்று எங்களில் யாரும் முடிவெடுக்கவில்லை. அது தானாக உதிர்ந்தது. மகளுக்கு மறுபடி 'பு.' போட்டாலும் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றினால் போயிற்று. சொந்தப் பேருக்கு அந்தக் கதி வராது. எந்தப் படிவத்திலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பேரை எழுதும்போது எழுத்தில் நிதானம் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிறப்பைப் பதிந்த பிறகு 12 மாதத்துக்குள் பேரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம் என்பதால் அவசரப்படாமல் மூன்று மொழியிலும் எழுதிப் பார்த்தோம். மலையாளத்தில் அந்த மரம் புன்ன; கடைசி ஐ கிடையாது. ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சிலர் 'புன்னாய்' என்று வாசித்தார்கள். மனசு சுருக்கென்றது. ஆனால் ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. கடலோரத்தில் புன்னையைத் தெரியாதவர்கள் யார்? அதன் எண்ணெயில் விளக்கு எரித்த ஊர்கள் இவை.

"பொம்பளப் பிள்ளைக்கு மரத்துப் பேரா மக்களே?" என்று மாமியார் கேட்டார். நற்றிணை 172-ஆம் பாட்டைச் சொன்னேன். பெண்பிள்ளைகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்துபோன கொட்டை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த அந்தப் புன்னையைக் காட்டி, இது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் சகோதரி என்கிறாள் தாய். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் புன்னைதான் என்றதும் சரி என்றார்.

எங்கள் அனுபவம் இரண்டு வருடம்தான். பள்ளிக்கூடத்தில் 'புண்ணு' என்று கேலி செய்வார்களா என்பது போகப் போகத்தான் தெரியும். எல்லா வீட்டுப்பேரும் இப்படி ஒத்துவராது என்பதும் உண்மை. புன்னைவிளை என்று முழுதாக வைத்திருந்தால் குழந்தைக்குப் பாரம்; மரத்தை மட்டும் எடுத்ததால் நன்றாக அமைந்தது. இதுவே குளமோ குழியோ உள்ள வீட்டுப்பேராக இருந்தால் நானும் நிலா பக்கமே போயிருப்பேன்.

மாமியார் இப்போது அவளைப் 'புன்னே' என்றுதான் கூப்பிடுகிறார். பாறசாலையில் எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது.