பெரம்பூரில் சாதி கேட்காத ஒரு வீட்டுத் தரகர்

வடசென்னையில் தலித் மக்கள் அதிகம் வாழும் வியாசர்பாடியிலிருந்து பெரம்பூருக்குக் குடிபெயர விரும்பிய என் தங்கை குடும்பத்துக்கு வாடகை வீடு பார்த்துத் தந்த தரகரின் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. இவருக்கு முன் நாங்கள் அணுகிய தரகர்கள் சிலர், எவ்வளவு வாடகை கட்டுப்படியாகும் என்று விசாரிக்கும் முன்பே "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டார்கள்; வியாசர்பாடி என்று சொன்னதும், காலியாக இருந்த வீடு அப்போதே கைமாறிப் போனதாகச் சொன்னவர்களும் உண்டு.

இவருடைய பேரேட்டில் பெயர், வேலை, வீட்டில் எத்தனை பேர், வாடகை, அட்வான்ஸ், வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உள்ளன; சாதிக்கும் மதத்துக்கும் கட்டம் இல்லை. நாங்கள் எதிரே அமர்ந்திருந்தபோதே ஒரு வீட்டு உரிமையாளர் தொலைபேசியில் "நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்க, "சம்பளச் சீட்டு பாத்துட்டேன், ஆதார் பாத்துட்டேன். அதுக்கு மேல நான் யாரையும் கேக்கறதில்லைங்க" என்று குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். ஒரு மாத வாடகையே அவருக்குக் கிடைக்கும் தரகு; அதை இழக்கவும் துணிந்துதான் அப்படிச் சொன்னார்.

அந்தப் பதிலின் மதிப்பு பெரிது. தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். திருநர்களுக்கு வாடகை வீட்டில் பாகுபாடு காட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால், வீடு மறுக்கப்படுபவரிடம் உண்மையான காரணத்தை யாரும் சொல்வதில்லை. "சொந்தக்காரங்க வராங்க" என்று முடித்துவிடுகிறார்கள். காரணம் வெளிப்படையாகப் பேசப்படும் ஒரே இடம் உரிமையாளருக்கும் தரகருக்கும் இடையிலான உரையாடல்தான் என்பதால், அந்த இடத்தில் தரகர் மறுத்து நிற்பது சட்டத்தால் எளிதில் எட்ட முடியாத ஒன்றைச் செய்கிறது.

இருப்பினும் ஒரு குறையை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அலுவலக வாசலில் உள்ள பலகையில் சில வீடுகளுக்கு எதிரே "சைவம் மட்டும்" என்று எழுதியிருக்கிறார். உரிமையாளர் கீழ்த்தளத்திலேயே வசிப்பதால் இந்த நிபந்தனை என்பது அவருடைய விளக்கம். வீட்டுக்குள் எதைச் சமைப்பது என்பது குடியிருப்பவரின் உரிமை; காசிமேட்டு மீன் நுழையாத சமையலறைகள் குறைவாக உள்ள வடசென்னையில் இந்த இரண்டு சொற்கள் தலித்துகளையும் இஸ்லாமியரையும் கிறித்தவரையும் மீனவரையும் பெயர் சொல்லாமலேயே வெளியில் நிறுத்திவிடுகின்றன. பேரேட்டில் இடம் பெறாத கேள்வி பலகை வழியாக உள்ளே வருவதை அவரிடமே எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பலகையை மட்டும் மாற்றவில்லை.

மற்றபடி, தரகுக்கு ரசீது தருகிறார், குழாயில் தண்ணீர் வரும் நேரத்திலேயே வீட்டைக் காட்டுகிறார், வாடகை ஒப்பந்தத்தை வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குகிறார். பெரம்பூர், அகரம் பகுதிகளில் வீடு தேடுவோருக்கு இவரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். போகிறவர்கள் அந்தப் பலகையைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டும்.