காத்திருப்புப் பட்டியலுக்காக வாங்கலாம், கடன் பொத்தானுக்காக விடலாம்

ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள் என்று அறிந்து, காரைக்குடியில் முதல் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் அக்காள் மகள், நான் நெடுநாளாகப் பயன்படுத்தும் வரவு செலவுச் செயலியைத் தானும் வாங்கலாமா என்று கேட்டாள்.

வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் செலவைத் தானே பதிந்துகொள்ளும் வசதி இதிலும் உண்டு. நம் ஊர்ச் சிறு கடைகள் பலவற்றில் கியூஆர் அட்டை உரிமையாளரின் சொந்தப் பெயரில் இருப்பதால், காய்கறிக்குக் கொடுத்ததும் பலகாரத்துக்குக் கொடுத்ததும் ‘தனிநபருக்கு அனுப்பியவை’ என்ற ஒரே தலைப்பில் விழுகின்றன. மொய்க்குத் தலைப்பே இல்லை. கையால் திருத்திக்கொள்ளலாம்.

என்னை இதனிடம் கட்டிப்போட்டது காத்திருப்புப் பட்டியல்தான். ஆசைப்பட்ட பொருளையும் விலையையும் அதில் எழுதிவைத்தால், ஒரு வாரம் கழித்து, அந்த மாதம் செலவழிக்க மீதமுள்ள தொகையைப் பக்கத்திலேயே காட்டி, ‘இன்னும் வேண்டுமா?’ என்று கேட்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்று கடிகாரத்தை ஓடவிட்டு அவசரப்படுத்தும் இணையக்கடைத் தள்ளுபடிகளுக்கு இதைவிட நல்ல தடையை நான் கண்டதில்லை. எழுதிவைத்த ஹெட்போன் ஒரு வாரத்தில் மனத்தைவிட்டே போய்விட்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கிச் சேலை மட்டும் போக மறுத்தது. நெசவாளரிடமே சென்று நிறைந்த மனத்தோடு வாங்கினேன்.

இத்தனை நல்லதைச் செய்தவர்கள், அண்மைப் புதுப்பிப்பில், செலவு வரம்பைத் தாண்டியதும் தோன்றும் சிவப்பு எச்சரிக்கைக்கு நேர்கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், ‘உடனடிக் கடன்’ என்றொரு பொத்தானை வைத்திருக்கிறார்கள். கடன் வாங்குமுன் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் மின்னணுக் கடன் விதிகள் கூறுகின்றன. இவர்களும் தெரிவிக்கிறார்கள், ஆனால் பொத்தானை அழுத்தி, விவரங்களை நிரப்பி, பணம் கைக்கு வந்துவிட்டதாகவே மனம் நம்பிய பிறகு வரும் திரையில்தான் தெரிவிக்கிறார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய வணிகர்களின் ஊர்கள், காரைக்குடியும் அதன் சுற்றுவட்டாரமும். வட்டி என்ன என்பதுதான் இங்கு முதல் கேள்வி. கையில் பணம் தீர்ந்து கலங்கி நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் அந்த விகிதத்தைக் கடைசியில் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டியலை விட மனமில்லாமல் என் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அவளிடம், அந்தப் பொத்தானை அணைத்துவைக்க அமைப்புகளில் வழி வரும்வரை இதை நிறுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.