ரீஸ்டார்ட் போடாமல் சரிசெய்த கம்பம் சர்வீஸ் கடை

குமுளியில் எனக்கு ஏலக்காய் சில்லறை வியாபாரம், ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட்டும் உண்டு. 2016-இல் தெரிந்த பையன் ஒருவன் பிஹெச்பி என்கிற புரோகிராம் மொழியில், 5.6 வெர்ஷனில் எழுதிக் கொடுத்தது. அந்த வெர்ஷனுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டதாம், எனக்கு இப்போதுதான் தெரியும். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கணும் என்று விட்டிருந்தேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் பார்த்து சைட் தொங்க ஆரம்பித்தது. ஆர்டர் பட்டனை அமுக்கினால் வட்டம் சுற்றும், ஒரு நிமிஷம் கழித்து 504 என்று, நேரத்துக்குப் பதில் வரவில்லை என்கிற எரர் வரும். சர்வர் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டால் ரீஸ்டார்ட் செய்வார்கள், இரண்டு மணி நேரம் ஓடும், திரும்பப் படுத்துக்கொள்ளும். நாலாவது தடவை, "ராம் பத்தல சார், பெரிய பிளானுக்கு மாறுங்க" என்றார்கள். மாறினேன், காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் மலையிறங்கிக் கம்பம் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் மாடியில் கடை, கீழே அடுக்கியிருக்கும் திராட்சைப் பெட்டிகளைத் தாண்டித்தான் படியேறணும்.

கடைக்காரத் தம்பி முதலில் சர்வருக்குள் போகவே இல்லை. "அண்ணே, லேப்டாப்ல தொங்கும்போதே மொபைல்ல திறந்து பாருங்க" என்றார். லேப்டாப்பில் முகப்புப் பக்கம்கூட வரவில்லை, மொபைலில் சட்டென்று வந்தது. செஷன் பூட்டு என்றார். செஷன் என்பது சைட்டுக்கு வரும் ஒவ்வொரு ஆளைப் பற்றியும் சர்வர் வைத்திருக்கும் குறிப்பு. ஒரு ஆளின் செஷன் ஃபைலை பிஹெச்பி ஒரு நேரத்தில் ஒரு ஸ்கிரிப்டுக்குத்தான் கொடுக்குமாம், அது முடிக்கிறவரை அதே பிரவுசரிலிருந்து வரும் மற்றதெல்லாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். அப்படியென்றால் முன்னால் போன ஒன்று எங்கோ மாட்டியிருக்கிறது.

அதற்கப்புறம்தான் உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்த பிராசஸ் என்ன செய்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை அதன் மேல் போட்டார். கருப்புத் திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. ஆர்டர் விழுந்ததும் எஸ்எம்எஸ் அனுப்புகிற கேட்வே, போனை எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிற ஆள் மாதிரி, இணைப்பை வாங்கிக்கொண்டு பதிலே தரவில்லை. நம் கோடில் கேட்வேயோடு பேசுகிற கர்ல் என்கிற பகுதிக்கு டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருக்கலாம் என்கிற வரம்பு) எதுவும் வைக்கவில்லை, வைக்காவிட்டால் அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்குமாம்.

பிஹெச்பியில் 30 செகண்டில் ஸ்கிரிப்ட் தானாக நிற்கணுமே என்று கேட்டேன். லினக்ஸில் அந்தக் கணக்கு ஸ்கிரிப்ட் ஓடுகிற நேரத்துக்கு மட்டும்தான், வெளியே பதிலுக்குக் காத்துக்கிடக்கிற நேரம் அதில் சேராது. 504 என்பது பிஹெச்பிக்கு முன்னால் நின்று பிரவுசரோடு பேசும் என்ஜின்எக்ஸ் என்கிற வெப் சர்வர் 60 செகண்டில் கைவிட்டதால் வருவது, பின்னால் பிஹெச்பி பிராசஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும். நம் சர்வரில் ஒரே நேரத்தில் அப்படி 5 பிராசஸுக்குத்தான் இடம். ஐந்தும் நிரம்பினால் மொபைலிலும் வராது. ரீஸ்டார்ட் செய்தது உட்கார்ந்தவர்களை எழுப்பி விட்டதோடு சரி, ராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கேட்வேக்கு 10 செகண்ட் டைம்அவுட், எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு முன்பே செஷன் ஃபைலை மூடுவது, 60 செகண்ட் தாண்டினால் பிராசஸையே வெட்டிவிடுவது, 5 செகண்டுக்கு மேல் இழுப்பதை ஸ்லோ லாக் என்கிற பதிவு ஃபைலில் எழுதுவது. அவ்வளவுதான் செய்தார், 1,800 ரூபாய். வெர்ஷனையும் மாற்றச் சொன்னேன், ஓணம் முடியட்டும் என்றுவிட்டார். டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை பிஹெச்பி 7-இலேயே எடுத்துவிட்டார்கள், மாற்றின அன்றே பாதி சைட் விழும் என்றார். வேலை பிடிக்க ஆசைப்படாமல் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது.

குறையும் உண்டு. பில் கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனை எடுக்கவே மாட்டார். ஓணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது, வெர்ஷன் மாற்றும் வேலைக்கு இன்னும் நாள் சொல்லவில்லை. அதனால் நாலு ஸ்டார்.