பேர்ல்ஸ் படிவம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊருக்குச் சரிப்படுமா?

பிள்ளைகளின் மனக்காயங்களைக் கண்டறிய கலிபோர்னியாவின் குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் இந்தப் படிவத்துக்குக் காசு கிடையாது. 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 17 கேள்விகள். வளர்ப்பவர் நிரப்ப வேண்டும். முதல் 10 பழைய 'ஏஸ்' (சிறுவயதுத் துன்ப அனுபவங்கள்) ஆய்வின் கேள்விகள்: அடி, ஏச்சு, பாலியல் தொல்லை, வீட்டில் குடி, சிறை, பெற்றோர் பிரிவு போன்றவை. நமக்கு மிகவும் வேண்டியவை மற்ற 7-தான். பழைய தாளில் தகப்பன் இறந்தது கணக்கில் வராது. லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அலைந்ததும் வராது. பேர்ல்ஸ் இரண்டையும் கேட்கிறது, சாப்பாட்டுக் கஷ்டத்தையும் கேட்கிறது.

படிவம் இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு கேள்விக்கும் விடை குறிக்க வேண்டும். மற்றதில் மனத்துக்குள் படித்து, எத்தனை 'ஆம்' என்று எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும். சின்ன ஊரில் பதிவு மேசைத் தாதி அம்மாவுக்குச் சொந்தமாகவோ பக்கத்து வீடாகவோ இருப்பார். ஆகவே எங்கள் தேர்வு இரண்டாவது வகை. ஆனால் எது நடந்தது என்று டாக்டருக்குத் தெரியாது. "இப்போது வீட்டில் பிள்ளைக்குப் பயம் ஏதும் உண்டா?" என்று அவர் தனியறையில் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். பிள்ளை வதைபடுவதாக நம்பக் காரணம் இருந்தால், மலேசியாவின் 2001 சிறுவர் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி டாக்டர் தகவல் கொடுப்பது கட்டாயம். தாளை நீட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அந்தத் தாய் மறுபடி கிளினிக் பக்கம் வரமாட்டார்.

தமிழில் கேட்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. 'மனநோய்' என்றால் பைத்தியம் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் 'இல்லை' என்பார்கள்; 'வீட்டில் யாராவது நாள்கணக்கில் தூங்காமல், யாரோடும் பேசாமல் சோர்ந்து கிடந்தாரா' என்று கேளுங்கள். 'அடித்தார்களா' என்றால் ரோத்தான் (பிரம்பு) அடியை யாரும் சேர்க்கமாட்டார்கள். 'தழும்போ வீக்கமோ விழுந்ததா' என்றால் சேர்ப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்கு மூத்த மகளை மொழிபெயர்க்க விடவே கூடாது. 12 வயது முதல் பிள்ளையே நிரப்பும் தாள் தனியாக உண்டு. அப்போது அம்மா வெளியே காத்திருக்கட்டும்.

எண்ணிக்கையைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998-இல் வெளியிடத் தொடங்கிய அந்த ஏஸ் ஆய்வில், இரண்டு கட்டங்களிலும் சேர்த்து 17,000-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 4 அல்லது அதற்கு மேல் 'ஆம்' சொன்னவர்களிடம் நோய்களும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தது உண்மை. அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனி ஆளை அந்த எண்ணை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எச்சரித்தார். 0 எழுதிய பிள்ளை தினமும் வயிற்றுவலி என்று வந்தால், அதையும் விசாரிக்க வேண்டும்.

பயன்படுத்தலாமா என்றால், பயன்படுத்தலாம். ஆனால் அனுப்பி வைக்க ஓர் இடம் இருந்தால் மட்டும். மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் யாரிடம் அனுப்புவது என்று முதலில் பேசி வையுங்கள். 15999, 15555 ஆகிய உதவி எண்களைத் துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். சீட்டு கைப்பேசி உறைக்குள் மடித்து ஒளிக்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். வீட்டில் வேறு யார் கண்ணிலும் படக் கூடாது.