ஜோக்கர் 2: டிரெய்லரை நம்பி டிக்கெட் போடுகிறவர்கள் கவனத்துக்கு

பெரிய சூப்பர்ஹீரோ படங்களின் அடுத்த பாகம் என்றால் முன்பதிவு திறந்த நிமிடமே டிக்கெட் போடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குத்தான். 2024 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விடுமுறை அன்று ‘ஜோக்கர்: ஃபோலி ஆ டியூ’ பார்க்கப் போய்ப் பணத்தையும் பாதி நாளையும் விட்டவர்களில் நானும் ஒருவன். மொக்கைப் படம் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. அதற்கெல்லாம் பதிவு போட்டால் வாரம் நாலு போட வேண்டியிருக்கும். இது வேறு சங்கதி. என்ன வகைப் படம் என்பதையே மறைத்து விற்ற கதை.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் வந்த ‘ஜோக்கர்’ வெனிஸ் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கச் சிங்கம் வாங்கிய படம். 11 ஆஸ்கர் பரிந்துரைகள். வாக்கீன் ஃபீனிக்ஸுக்குச் சிறந்த நடிகர், ஹில்டுர் குட்னடோட்டிருக்குப் பின்னணி இசை என்று இரண்டு விருதுகள். சுமார் 7 கோடி டாலருக்குள் எடுத்து 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மருந்துக்கும் வழியில்லாமல், மதிப்பார் யாருமில்லாமல் நகரத்தில் நசுங்கிப்போன ஆர்தர் என்ற ஒருத்தன் பேட்மேன் கதைகளின் வில்லனான ஜோக்கராக, கொலைகாரனாக ஆவதை அவன் பக்கத்தில் நின்றே காட்டிய படம். அந்தப் படிக்கட்டு நடனத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், அடுத்த பாகத்தில் கதை நடக்கும் கோத்தம் நகரமே பற்றி எரியும் என்று எதிர்பார்த்ததில் என்ன தப்பு?

அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியவை முன்னோட்டங்கள். ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று. சிறை, நெருப்பு, கோமாளி வேஷக் கூட்டம், பாடகி லேடி காகா, ஜோடியாக ஆடும் இரண்டு பேர். ஆடுவதைக் காட்டினார்கள். ஆனால் படம் நெடுக நிறுத்தி நிறுத்திப் பாடப்போகிறார்கள் என்பது பார்த்தவனுக்குத் தோன்றாதபடி வெட்டியிருந்தார்கள். இத்தனைக்கும் பதினைந்து பழைய பாடல்களாவது இருக்கும் என்று அமெரிக்கச் சினிமாப் பத்திரிகைகளில் மார்ச் மாதமே செய்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வெனிஸ் பத்திரிகையாளர் சந்திப்பில் லேடி காகா இதை மியூசிக்கல், அதாவது பாட்டு வழியாகவே கதை சொல்லும் படம், என்று சொல்லத் தயங்கினார். இயக்குநர் டாட் ஃபிலிப்ஸும் அந்தப் பெயரை ஒட்டவிடாமல்தான் பேட்டிகளில் பேசினார்.

பாட்டு நமக்குப் பகையா என்ன? பாட்டோடு வளர்ந்த கூட்டம் நாம். ஆனால் நம் ஊரில் பாட்டுதான் முதலில் வீதிக்கு வரும். சிங்கிள், லிரிக்கல் வீடியோ, இசை வெளியீட்டு விழா என்று மாதக்கணக்கில் காதில் ஓதுவார்கள். பிடிக்காதவன் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வீட்டில் இருந்துவிடலாம். ஹாலிவுட்டில் இப்போது தலைகீழ். மியூசிக்கல் என்று தெரிந்தால் ஒரு கூட்டம் வராது என்ற பயத்தில் பாட்டை ஒளித்துவைத்து விற்கிறார்கள். 2023 டிசம்பரில் ‘வோங்கா’, அடுத்த மாதமே ‘மீன் கேர்ள்ஸ்’ இரண்டின் டிரெய்லரிலும் இதே வித்தைதான். அந்த இரண்டும் நன்றாக ஓடின. அந்தத் தைரியம் இங்கேயும் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி நம் ஊர்க் கணக்கு. அமெரிக்காவில் படம் அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. இங்கே விடுமுறையைக் குறிவைத்து 2ஆம் தேதி புதன்கிழமையே இறக்கிவிட்டார்கள். அங்கே சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. முதல் நாள் இரவு தியேட்டரில் ஜனங்கள் கையில் அட்டையைக் கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை மார்க் போடச் சொல்வார்கள். காசு கொடுத்துப் பார்த்தவன் போடும் மார்க் என்பதால் நான் விமர்சனத்தைவிட அதைத்தான் நம்புவேன். அந்த மார்க் வெளியே வரும்முன் நாம் இங்கே பார்த்து முடித்து, பார்க்கிங் டோக்கனுக்கும் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. உலகத்துக்கே சோதனை எலி நாம்தான்.

கோவையில் ஒரு மல்டிபிளெக்ஸ். பெயர் வேண்டாம். பெரிய திரை டிக்கெட், அதற்கு மேல் முன்பதிவுச் செயலிக்கு இணையக் கட்டணம், அதற்கு மேல் வரி. அந்தச் செயலியில் படத்தின் வகை என்று போட்டிருந்தது க்ரைம், த்ரில்லர், டிராமா. மியூசிக்கல் என்ற ஒற்றைச் சொல் இல்லை. அன்று காலையில் நான் பின்தொடர்கிற ஒரு சினிமாப் பக்கத்தில் “மரண மாஸ், மிஸ் பண்ணிடாதீங்க” என்று பதிவு. சாயங்காலம் தேடினால் அந்தப் பதிவையே காணோம்.

ஆரம்பத்தில் சில்வெய்ன் ஷோமே செய்த ஒரு கார்ட்டூன் வருகிறது. பழைய லூனி ட்யூன்ஸ் பாணியில் ஜோக்கரும் அவன் நிழலும் அடித்துக்கொள்கிறார்கள். படத்தில் சுறுசுறுப்பாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். பிறகு ஆர்க்கம் சிறை மருத்துவமனை. இசைச் சிகிச்சை வகுப்பில் லீயை (லேடி காகா) சந்திக்கிறான் ஆர்தர் (ஃபீனிக்ஸ்), காதல், பாட்டு. கொஞ்சம் வசனம், மறுபடி பாட்டு. என்னோடு வந்த சித்தி பையன் முதல் பாகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவன்.

“அண்ணா, இவங்க எப்பண்ணா வெளிய வருவாங்க?”

“வருவாங்கடா, இரு.”

வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு நீதிமன்றம். முதல் பாகத்தில் நாம் கண்ணால் பார்த்ததையெல்லாம் சாட்சிகள் கூண்டில் ஏறி மறுபடி சொல்கிறார்கள். “அண்ணா, இது ரீகேப்பா?” என்றான். முன் வரிசையில் ஒரு குடும்பம் இடைவேளைக்கு எழுந்தது, திரும்பவே இல்லை. பாப்கார்ன் வாங்கிய பாவத்துக்கு உட்கார்ந்திருந்தவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் லாரன்ஸ் ஷெர் ஒளிப்பதிவு அழகு. ஃபீனிக்ஸ் உடம்பை வில்லாக வளைத்து நடிக்கிறார். பாடல்களைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடியிருக்கிறார்கள். லேடி காகா வேண்டுமென்றே தன் குரலை மெருகில்லாமல் வைத்துக்கொண்டார். பாத்திரத்துக்கு அது சரி. ஆனால் உலகத்தின் பெரிய பாடகி ஒருவரைக் கூட்டிவந்து பாதிக் குரலில் பாடவைத்தால், பாட்டுக்காக வந்தவனுக்கும் ஏமாற்றம், அடிதடிக்காக வந்தவனுக்கும் ஏமாற்றம்.

முடிவு தெரிய வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடைசியில் ஆர்தர் நீதிமன்றத்தில், ஜோக்கர் என்று ஒருவன் இல்லை, எல்லாம் நான் செய்த கொலைகள்தான் என்று ஒப்புக்கொள்கிறான். லீ அவனை விட்டுப் போகிறாள். சிறையில் பெயரில்லாத ஒரு கைதி அவனைக் குத்திக் கொல்கிறான். கதையாக இது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ரசிகர்களின் கோபம் இங்கேதான் கொதித்தது. நீங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடியவன் ஒரு பரிதாபமான மனிதன், அவனைக் கொண்டாடிய உங்களுக்குத்தான் கோளாறு என்று படம் திரையிலிருந்தே சொல்கிறது. காசு கொடுத்து வந்தவனை உட்காரவைத்துத் திட்டினால் அவன் என்ன மார்க் போடுவான்?

டி போட்டான். காமிக்ஸ் கதையிலிருந்து வந்த ஒரு பெரிய படத்துக்கு சினிமாஸ்கோரில் டி விழுந்தது அதுதான் முதல் முறை. 1997இல் வந்து பேட்மேன் வரிசையையே எட்டு வருஷம் படுக்கவைத்த ‘பேட்மேன் & ராபின்’ கூட சி பிளஸ். ஊரே சிரித்த ‘கேட்வுமன்’ பி வாங்கியது. 2015இன் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ சி மைனஸில் தப்பித்தது. ஜோக்கரின் முதல் பாகம் பி பிளஸ். வசூலும் அப்படியே. முதல் பாகம் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 9.6 கோடி டாலர் பார்த்தது, இது 3.8 கோடியைத் தொடவே திணறியது. இரண்டாவது வார இறுதியில் 81 சதவீதம் சரிந்து சுமார் 70 லட்சத்துக்கு வந்தது. அந்த வாரம் முதலிடம் பிடித்தது ஏறக்குறைய 20 லட்சம் டாலரில் எடுத்த ‘டெரிஃபையர் 3’. அதுவும் ஒரு கொலைகாரக் கோமாளியின் படம்தான். செலவு 20 கோடி டாலரை ஒட்டி, உலக வசூலும் 20 கோடியைச் சற்றே தாண்டி நின்றது. அதில் தியேட்டர்காரர்கள் பங்கு போக மிஞ்சியதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

விமர்சகர்கள் கதை வேடிக்கை. செப்டம்பர் 4ஆம் தேதி வெனிஸில் திரையிட்டபோது பத்து நிமிடத்துக்கு மேல் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று செய்தி. அந்த நிமிடக் கணக்கை இனி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நட்சத்திரங்கள் அரங்கில் இருக்கும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று எழுந்து நிற்கிற கூட்டம் அது. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விழா விமர்சனங்கள் வந்த நேரம் மதிப்பெண் அறுபதுகளில் இருந்தது. படம் வெளியாகும் சமயத்தில் நாற்பதுக்குக் கீழே. கடைசியில் முப்பதை ஒட்டி நின்றது. ரசிகர் மதிப்பெண்ணும் அதே இடம். சூப்பர்ஹீரோ படம் என்றால் விமர்சகர் ஒரு பக்கம், ரசிகர் ஒரு பக்கம் என்று அடித்துக்கொள்வதுதான் வழக்கம். இந்த ஒரு படம் இரண்டு பேரையும் ஒற்றுமையாக்கியது. இயக்குநர் க்வென்டின் டாரன்டினோ மாதிரிச் சிலர் பிறகு படத்தைப் புகழ்ந்தார்கள். அடுத்த வருஷம், மோசமான படங்களைக் கேலி செய்து தரும் ராஸி விருதுகளில் மோசமான இரண்டாம் பாகம், மோசமான ஜோடி இரண்டையும் அள்ளியது.

சரி, காசைத் திருப்பிக் கேட்கலாமா? நான் கேட்டேன். தியேட்டர் மேலாளர் தன்மையாகத்தான் பேசினார். “ஏனுங்க, படம் ஓடுச்சு, ஏசி ஓடுச்சு, சவுண்டு வந்துச்சு. கதைக்கு நாங்க எப்படிங்க பொறுப்பு?” அவர் சொன்னதில் பிழையில்லை. சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 2016இல் வந்த ‘ஃபேன்’ இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஓடிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் நுகர்வோர் மன்றம் போனார். மகாராஷ்டிர மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது, தேசிய ஆணையமும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதை ரத்து செய்துவிட்டது. முன்னோட்டம் என்பது ஒப்பந்தமோ வாக்குறுதியோ ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அங்கே விளம்பரத்தில் இருந்த பாட்டு படத்தில் இல்லை என்று வழக்கு. இங்கே விளம்பரத்தில் காட்டாத பாட்டெல்லாம் படத்தில் இருக்கிறது, யாரிடம் போவது? அமெரிக்காவில் ‘யெஸ்டர்டே’ பட டிரெய்லரில் காட்டிய நடிகை படத்தில் இல்லை என்று போட்ட வழக்கில், டிரெய்லரும் விளம்பரம்தான், பொய் இருந்தால் வழக்குப் போடலாம் என்று 2022 டிசம்பரில் ஒரு நீதிபதி சொன்னார். அந்த வழக்கும் அடுத்த வருஷம் தள்ளுபடி ஆனது.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. விழாவில் திரையிட்ட படம் என்றால் முதல் வாரப் புகழ்ச்சியை விட்டுவிட்டு, மதிப்பெண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். டிரெய்லரில் ஆடுகிறார்கள், ஆனால் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அமெரிக்காவுக்கு முன்னால் இங்கே வெளியாகிறது என்றால் சனிக்கிழமை வரை பொறுங்கள், அதற்குள் அங்கே மார்க் வந்துவிடும். பெரிய திரைக்குக் கூடுதல் காசு கொடுப்பதை மட்டுமாவது தள்ளிப்போடுங்கள். இந்தப் படம் அமெரிக்காவில் அக்டோபர் 29ஆம் தேதியே, அதாவது நாலு வாரம்கூட ஆகாமல், வீட்டில் வாடகைக்குப் பார்க்கக் கிடைத்தது.

செயலிக்கும் புகார் எழுதினேன். வகை விவரம் விநியோகஸ்தர் தருவது, தங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. இணையக் கட்டணம் யார் தருவது என்று திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் த்ரில்லருக்குப் பக்கத்தில் மியூசிக்கல் என்று சேர்த்திருந்தார்கள். அதற்குள் காட்சிகள் நாளைக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டன.