காந்தப்புயல் கணக்குப் பார்க்க கியோட்டோவின் டிஎஸ்டி தளம்: என் மதிப்பீடு

பூமியின் உள் காந்தமண்டலத்தில் (பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளியில் நமக்கு நெருங்கிய பகுதி) என்ன நடக்கிறது என்று படிக்க ஆரம்பிப்பவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது கியோட்டோ பல்கலைக்கழகம் நடத்தும் உலகப் புவிக்காந்தத் தரவு மையத்தின் டிஎஸ்டி (Dst) பக்கத்தைத்தான். சூரியனின் தாக்கத்தால் பூமியின் காந்தப்புலம் குலைவதுதான் காந்தப்புயல்; அது எவ்வளவு பெரிது என்று சொல்லும் குறியீடு டிஎஸ்டி. பார்க்கப் பழைய காலத்துப் பக்கம், படமோ பகட்டோ கிடையாது. ஆனால் 1957-இலிருந்து மணிக்கு ஓர் எண் வீதம் அங்கே இருக்கிறது. கணக்கு திறக்க வேண்டாம், காசும் வேண்டாம். விண்வெளி இயற்பியலில் இவ்வளவு நீளமான, இவ்வளவு எளிதாகக் கைக்கு வரும் பதிவு வேறு அதிகம் இல்லை.

அந்த எண் என்னவென்று புரிந்துகொண்டால்தான் தளத்தின் அருமை தெரியும். புயல் நேரத்தில் பூமியைச் சுற்றிச் சில புவி ஆரங்கள் தொலைவில் சிக்கிய அயனிகள் மேற்குப் பக்கமாகவும் எலக்ட்ரான்கள் கிழக்குப் பக்கமாகவும் நகர, இரண்டும் சேர்ந்து மேற்கு நோக்கி ஒரு வளைய மின்னோட்டம் உருவாகிறது. அது தரையில் இருக்கும் காந்தப்புலத்தைக் கொஞ்சம் குறைக்கும். அந்தக் குறைவை ஹெர்மனஸ், ககியோக்கா, ஹொனலூலு, சான் ஹுவான் என்று நாலு இடத்துக் கருவிகளில் பார்த்து, அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கழித்து, சராசரி எடுத்தால் அதுதான் டிஎஸ்டி. துருவ ஒளி மின்னோட்டமும் நிலநடுக்கோட்டு மின்தாரையும் (காந்த நிலநடுக்கோட்டுக்கு மேலே, மேல்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டம்) அதிகம் தொந்தரவு செய்யாத இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்திலும் ஒரு நல்ல புவிக்காந்த ஆய்வகம் இருக்கிறது. ஆனால் அது காந்த நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், மின்தாரைக்கு நேர் கீழே இருப்பதால் வேறு ஆராய்ச்சிக்குத்தான் பொருத்தம். மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாக் நிலையத்துக்கு இதே தளத்தின் இன்னொரு குறியீடான சிம்-எச் கணக்கில் இடம் உண்டு.

எப்படிப் படிப்பது என்றால், 2024 மே மாத அட்டவணையைத் திறந்து பாருங்கள். நாளுக்கு ஒரு வரி, வரிக்கு 24 எண், எல்லாம் உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். மே 10-ஆம் தேதி 17 மணி வாக்கில் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்கள்) அதிர்ச்சி வந்து காந்தமண்டலத்தை அமுக்குகிறது, எண் முதலில் மேலே ஏறுகிறது, அப்புறம் மணிக்கு மணி விழுந்து, மறுநாள் அதிகாலையில் மைனஸ் 400 நானோ டெஸ்லாவையும் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) தாண்டிப் போகிறது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது அந்த இரவில்தான். அங்கிருந்து எண் மெதுவாக, நாள்கணக்கில் மேலேறி வருவதைப் பார்க்கும்போது, வளையத்தில் சிக்கிய அயனிகள் ஒவ்வொன்றாகத் தொலைந்துபோவது கண்முன் தெரியும். கனடாவின் கியூபெக் மாகாணத்தை மின்தடையால் இருளில் தள்ளிய 1989 மார்ச் புயலின் மைனஸ் 589-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஒவ்வோர் எண்ணுக்கும் நாலு எழுத்து இடம்தான். புயல் பெரிதானால் மைனஸ் மூன்றிலக்க எண்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடைவெளியை வைத்துப் பிரிக்கும் நிரல் எழுதினால் மிக முக்கியமான மணி நேரங்களில்தான் அது தடுக்கி விழும். எழுத்து எண்ணிக்கையை வைத்து வெட்டுங்கள். இன்னும் வராத மணிகளுக்கு 9999 என்று நிரப்பியிருக்கும், அதை நீக்காமல் சராசரி எடுத்தால் விடை பாழ்.

இதைவிடப் பெரிய விஷயம், தரவு மூன்று நிலையில் இருக்கிறது: உடனடி, தற்காலிகம், இறுதி. உடனடிப் பதிப்பு தானாகவே கணக்கிட்டு வருவது, அடிக்கோட்டுப் பிழையும் (புயல் இல்லாத நாளின் இயல்பு அளவைத் தவறாகக் கணிப்பது) கருவிக் கோளாறும் அதில் இருக்கலாம், பிறகு எண் மாறும். இறுதிப் பதிப்பு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். மையம் இதை ஒளிக்கவில்லை, பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் மாணவர்களின் ஆய்வறிக்கைகளில் எந்தப் பதிப்பு என்ற குறிப்பே இல்லாமல் எண்கள் வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. எடுத்த தேதியையும் பதிப்பையும் எழுதுங்கள், மையத்துக்கு நன்றியும் மேற்கோளும் கொடுங்கள், இலவசமாகத் தருகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது அவ்வளவுதான். வணிகப் பயன்பாடு என்றால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

இந்த ஒரே எண்ணை வைத்து எல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தளம் போதாது. வளையத்தில் சேர்ந்த மொத்த ஆற்றலை டெஸ்லர், பார்க்கர், ஸ்கோப்கே மூவர் பெயரிலான தொடர்பை வைத்துத் தோராயமாகக் கணக்கிடலாம், அதற்கு இது நன்று. பூமியைச் சுற்றி அதிவேகத் துகள்கள் காந்தப்புலத்தில் சிக்கியிருக்கும் வான் ஆலன் பட்டையின் எலக்ட்ரான்கள் கதை வேறு. 1989 முதல் 2000 வரை 276 புயல்களை எடுத்து ரீவ்ஸ் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்றே மேல் புயல்களில்தான் எலக்ட்ரான்கள் கூடின; ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் குறைந்தே போயின; மற்றவற்றில் பெரிய மாற்றமே இல்லை. புயல் எவ்வளவு ஆழம் என்பதை வைத்து எது நடக்கும் என்று சொல்ல முடியவில்லை. 2022 பிப்ரவரியில் மேல்வளிமண்டலம் உப்பி சுமார் 40 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் விழுந்தபோதும் டிஎஸ்டி மைனஸ் 100-ஐக்கூடத் தொடவில்லை.

அதனால் கல்லூரி ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் இங்கே தொடங்கலாம், ஆனால் இங்கேயே நின்றுவிட வேண்டாம். நிமிடக் கணக்கு வேண்டுமானால் இதே தளத்தில் சிம்-எச் எடுங்கள், துருவப் பகுதிக்கு ஏஇ குறியீடு இருக்கிறது, துகள்களுக்கு நாசாவின் வான் ஆலன் ஆய்வுக் கலங்கள் 2012 முதல் 2019 வரை சேர்த்த தரவும் இலவசம்தான். கியோட்டோக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: அந்த மாத அட்டவணைக்குப் பக்கத்திலேயே, காற்புள்ளி போட்டுப் பிரித்த ஒரு கோப்பையும் வைத்துவிடுங்கள்.